ஏழு வீட்டுக்கு ஒரே அடுப்பு

புருஷன் வித்தெக்கைக் கொன்ற அடுப்பை வீட்டைவிட்டு அனுப்பிய அன்றும் போஜெனா அழவில்லை என்று ஓல்ஷாவா ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், ஊருக்கு வேறு என்ன வேலை? போன பிப்ரவரியில் புருஷனைப் புதைத்தபோதும் அவள் அழவில்லைதான். கல்லறைத் தோட்டத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். இவள் ஒருத்தி வெறுங்கையோடு நின்றாள். "குளிரலையாடி உனக்கு?" என்று அக்கா கேட்டாள். குளிரவில்லை. அன்றிலிருந்து அவள் கைக்குக் குளிர் என்பதே தெரியாமல் போயிற்று. கையுறைகளை எங்கே வைத்தாள் என்பதையும் மறந்துவிட்டாள்.

அந்த அடுப்பு நிலவறையில் நின்று குழாய் வழியாக வீடு முழுக்க வெந்நீரை ஏற்றுகிற நிலக்கரி அடுப்பு. வித்தெக் தானே தகடு வாங்கி, தானே வெல்டிங் வைத்துச் செய்தது. அவன் இடதுகைக்காரன். ஊரில் எல்லா அடுப்புக் கதவும் வலது கையால் திறக்கிற மாதிரி இருக்கும். இவன் செய்ததற்கு மட்டும் கீல் மறுபக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் போஜெனா அந்தக் கதவோடு மல்லுக்கட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள். "உனக்காக உலகமே இடது பக்கம் திரும்பணுமா?" என்று கத்தினாள். அவன் சிரித்தான். கடைசியில் திரும்பியது அவள் கைதான். மற்ற எல்லாவற்றுக்கும் வலது கை, அடுப்புக் கதவுக்கு மட்டும் இடது கை என்று அவளையறியாமலே பழகிவிட்டது.

அவன் செத்த அன்று அவள் ஊரில் இல்லை. அக்கா வீட்டில் ஞானஸ்நானம். இவனும் வந்திருக்க வேண்டியவன்தான், ஆனால் அந்தக் குளிரில் அடுப்பை இரண்டு நாள் அணையவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும் என்று தங்கிவிட்டான். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து மேட்டில் இறங்கியபோது கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. எல்லாப் புகைபோக்கியிலும் புகை. அவள் வீட்டில் மட்டும் இல்லை. 'தூங்குமூஞ்சி, அடுப்பை அணையவிட்டுட்டான் பார்' என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். கடையில் நின்று ரொட்டி வாங்கினாள். கடைக்காரியிடம் விருந்தில் வாத்துக்கறி வேகாமல் போன கதையைச் சொல்லிச் சிரித்தாள்.

அடுப்பு அணையவே இல்லை. புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு ஒன்று சரிந்து அடைத்திருந்தது. மேலே போக வேண்டியதெல்லாம் திரும்பி வீட்டுக்குள் வந்திருந்தது. அந்த விஷவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவனை அது எழுப்புவதும் இல்லை. ரொட்டி கையில் சூடாக இருந்தது என்பது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போஜெனா ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். துக்கம் முடிந்து திரும்பி வந்ததும் ஊரில் உள்ள நிலக்கரி அடுப்புகளையெல்லாம் மாற்றும் திட்டத்தைத் தலைவர் பபியான் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். இவளுக்குக் கொடுப்பதா என்று நாலு பேர் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். இவள் "சரி" என்றாள். அந்த வருஷம் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

ஆனால் மூளை வேலை செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அடுப்பை மாற்ற ஊரில் பலருக்கு ஆசை உண்டு, கையில் காசு இல்லை. மாகாண நிதியம் காசு தரும். எப்போது தரும்? புது அடுப்பு நின்று, பழைய அடுப்பு ஒழிந்து, அதைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் தரும். அதுவரை முதல் போடுவது யார்? இத்தனை வருஷம் எல்லா ஊரிலும் திட்டம் இந்த இடத்தில்தான் படுத்துக்கொண்டது. போஜெனா ஒரு வழி சொன்னாள். ஊராட்சிக்கு ஒரு கல்குவாரி உண்டு, அதன் குத்தகைப் பணத்தை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் வாங்குவது. அதில் முதல் பத்து வீட்டுக்குப் புது அடுப்பு. நிதியம் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்ததும் அதே பணம் அடுத்த பத்து வீட்டுக்கு. அது திரும்பியதும் அதற்கடுத்த பத்து. பணம் ஒன்றுதான், ஊரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். சபையில் அவள் இதை விளக்கியபோது பபியான் எழுந்து நின்று கை தட்டினார். "போஜெனா, நீ சாதாரண ஆளே இல்லம்மா, மந்திரக்காரி!" என்றார். அடுத்த வருஷம் தேர்தல், அவர் ஏன் தட்டமாட்டார்?

முதல் வீடாக அவள் தன் வீட்டைத்தான் போட்டாள். பழைய அடுப்புகளை எடுத்துப்போய் வெட்டி இரும்புக்கடையில் போடும் வேலை வித்தெக்கின் தம்பி யூரெக்குக்குக் கிடைத்தது. அவனிடம் டிராக்டரும் இழுவை வண்டியும் இருந்தன, பழைய இரும்பு வாங்கி விற்பதுதான் அவன் பிழைப்பு. அடுப்பை வீட்டு வாசலில் இலக்கத் தகட்டுக்கு நேராக நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், பிறகு கேஸ் நெருப்பு வைத்து வெட்ட வேண்டும். விதி அவ்வளவுதான்.

"நீங்க உள்ள போங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்," என்றான் யூரெக்.

அவள் உள்ளே போய்விட்டாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அதோடு அந்த அடுப்பு முடிந்தது என்று நினைத்தாள்.

டிசம்பரில் ஒரு நாள் கமிலா வீட்டில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கமிலாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் தாவித் ஜெர்மனிக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். கைக்குழந்தை ஒன்று. ஊரிலேயே மோசமான புகைபோக்கி அந்த வீட்டில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கரி துடைக்க வருகிற ஆள், "இதுக்குக் கீழ நெருப்பு வைக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும்" என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் போஜெனா சண்டை போட்டு அந்த வீட்டை வரிசையில் முன்னால் கொண்டுவந்திருந்தாள். சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "இவங்க முன்னாடி" என்று ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் போனபோது பழைய அடுப்பு வாசலில் பனிமேல் நின்றது. மேலே முப்பத்தொன்று என்று இலக்கத் தகடு. யூரெக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் கை இறங்கிவிட்டது.

"என்ன அண்ணி, நீங்களே வந்துட்டீங்க? சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே!"

"கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சு. இந்தப் பக்கமாத்தான் வந்தேன்."

"குளிர்ல எதுக்கு இந்த அலைச்சல்? கமிலா, அண்ணிக்கு டீ போடும்மா, உள்ள கூட்டிட்டுப் போ."

"இருக்கட்டும். சாம்பல் காலியான்னு பாத்துட்டுப் போறேன்."

அப்படியும் ஒரு விதி இருந்தது. அவள் குனிந்தாள். இடது கை தானாக நீண்டது, கைப்பிடியைப் பிடித்தது, கதவைத் திறந்தது. யோசிக்கவே இல்லை. கதவு திறந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

மற்ற எவன் வீட்டு அடுப்பும் இப்படித் திறக்காது. கைப்பிடியை அறுத்து வேறு வைத்திருந்தார்கள், மேலே கறுப்புச் சாயம் புதிதாகப் பூசியிருந்தார்கள். ஆனால் கீலை யாரும் மாற்றவில்லை.

யூரெக் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசற்படியில் குழந்தையோடு நின்ற கமிலா அவனைப் பார்த்தாள், பிறகு போஜெனாவின் கையைப் பார்த்தாள். இந்த நேரத்தில் வேறொருத்தியாக இருந்தால் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். போஜெனா தனக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கதவை மூடினாள்.

"சரி," என்றாள். "நகருங்க, படம் எடுக்கணும்."

தன் கைபேசியிலேயே படம் எடுத்தாள். கமிலாவிடம் கையெழுத்து வாங்கினாள். அலுவலகத்துக்கு நடந்தே வந்தாள். கணினியில் பழைய படங்களைத் திறந்தாள். இதுவரை முடிந்த வீடுகளில், தன் வீட்டை விட்டுவிட்டு, கமிலா வீட்டையும் சேர்த்து ஏழு வீட்டு வாசலில் நிற்பது ஒரே அடுப்பு. ஒன்றில் முன்பக்கம், ஒன்றில் பக்கவாட்டில், ஒன்றில் பாதி தார்ப்பாய் மூடி. ஒன்றில் துரு, ஒன்றில் சாயம். எல்லாவற்றிலும் கீல் வலது பக்கம். இன்றைய படம் தவிர மற்றதையெல்லாம் தன் கையாலேயே நிதியத்துக்கு அனுப்பியிருக்கிறாள். கண்ணால் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள். அந்த வருஷம் அவள் பார்த்தவை எதுவும் உள்ளே போகவில்லை.

மறுநாள் யூரெக்கின் கொட்டகைக்குப் போனாள். அவன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவளுக்கு உட்கார இடம் செய்தான். கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தான். கொதிக்கிற டம்ளரை அவள் அப்படியே கையில் வைத்திருப்பதைப் பார்த்து, "கீழ வைங்க அண்ணி, சுடப்போகுது," என்றான்.

"ஏன்டா?" என்றாள் அவள். அவ்வளவுதான் கேட்டாள்.

"நான் யார்கிட்டயும் போய்க் கேக்கல. அவங்களா வந்தாங்க. புது அடுப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா கரண்ட் போனா செத்துடுது. ஜனவரில ரெண்டு நாள் கரண்ட் இல்லைன்னா என்ன பண்றது? பழசு இருந்தா ஒரு தைரியம். நிலவறைல நிலக்கரி வேற வாங்கிக் குவிச்சிருக்காங்க, அத என்ன பண்றது, தின்றதா? 'யூரெக், படத்துக்கு ஒரு அடுப்பு கொடேன்'னாங்க. கொடுத்தேன்."

"காசு வாங்கினியா?"

"சில பேர் நூறு ஸ்லோட்டி கொடுத்தாங்க. சில பேர் பாட்டில் கொடுத்தாங்க. வாங்கினேன், இல்லைன்னு சொல்லல." அவனுக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. "நீங்க மட்டும் என்ன பண்ணீங்க? ஒரே பணத்த ஊரெல்லாம் சுத்த விட்டீங்க. தலைவர் எந்திரிச்சுக் கை தட்டினாரு. நான் ஒரே அடுப்ப ஊரெல்லாம் சுத்த விட்டேன். எனக்கு யாரும் தட்டல."

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது அவனை அறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

"எத்தனையோ ஓட்டை அடுப்பு உங்கிட்ட கெடக்கே. அதுல ஒண்ண எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

யூரெக் வெளியே நின்ற இழுவை வண்டியைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான்.

"வெட்டணும்னுதான் எடுத்துட்டு வந்தேன் அண்ணி. கேஸ பத்த வச்சுப் பக்கத்துல கூடக் கொண்டுபோனேன். அண்ணன் கையால செஞ்சது. இந்தக் கதவ வைக்கிறப்போ நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முடியல. வண்டியிலேயே கெடந்துச்சு. வண்டியில கெடந்ததால அதயே இறக்கி வச்சேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். எப்படியும் தலைவரிடம் சொல்லியாக வேண்டும்.

பபியான் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும் போஜெனா."

"அந்த ஏழு வீட்லயும் பழைய அடுப்பு இருக்கு தலைவரே."

"இருக்கட்டும். எரிக்கவா போறாங்க? நீ வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நிதியம் கொடுத்ததத் திருப்பிக் கேப்பான். இனிமே ஒரு காசு தரமாட்டான். வங்கிக்காரன் கல்குவாரி மேல கை வைப்பான். வரிசைல இன்னும் நாப்பது வீடு நிக்குது, அவங்கெல்லாம் காலம் பூரா கரியத் தின்னுட்டே இருக்க வேண்டியதுதான். கணக்குப் போட்டவ நீதானே? இந்த வழியக் காட்டினவளே நீதானே? நீயே அத ஒடைக்கப்போறியா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. வாயைத் திறந்தால் நாற்பது வீட்டுக்குப் புது அடுப்பு இல்லை. மூடிக்கொண்டால் ஏழு நிலவறையில் ஏழு பழைய அடுப்பு, அதில் ஒன்று கமிலாவின் புகைபோக்கிக்குக் கீழே. இதில் எது பெரிது என்று யோசிக்க ஒரு மனசு வேண்டும். அவளுடையது எங்கோ கிடந்தது.

"சரி," என்றாள்.

கமிலாவையாவது போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தாள். கிறிஸ்துமஸ் வந்தது, மேசையில் வித்தெக்குக்கும் ஒரு தட்டு வைத்தாள், எதிரே உட்கார்ந்து மீனைத் தின்றாள், மீன் ருசியாக இருந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் விஷவாயு வந்தால் கத்துகிற சிறு அபாயமணி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த பேட்டரி எல்லாம் பிள்ளைகளின் பொம்மைக் காருக்குப் போய்விட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மழையாக விழுந்தது தரையைத் தொட்டதும் பனிக்கட்டியானது. மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசிக்கொண்டு ஒடிந்து மின்கம்பிமேல் விழுந்தன. இரவே கரண்ட் போயிற்று. விடியும்போது ஓல்ஷாவாவில் ஒரு வீட்டிலும் புது அடுப்பு எரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் போட்டு, கிழவர்களையும் பிள்ளைகளையும் அங்கே வரச் சொல்லி மணியடித்தார்கள்.

ஊராட்சி அலுவலகம் மேட்டில் இருக்கிறது. உள்ளே உட்கார முடியாமல் எல்லாரும் படியில் நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மேகம் விலகி வெளிச்சம் வந்தபோது கீழே ஊர் தெரிந்தது. முதலில் ஒருத்தி "அட!" என்றாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

நிலக்கரி அடுப்பே இல்லை என்று நிதியத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்த வீடுகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் ஒன்று. ஆற்றோரம் நாலு. நல்ல கறுப்புப் புகை, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் நேராக வானத்துக்குப் போயிற்று.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார் பபியான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. "எனக்குக் கண்ணுல புரை. யாராவது ஏதாவது பாத்தீங்களா?"

"மூடுபனி தலைவரே," என்றான் ஒருவன். "இந்தப் பக்கம் மூடுபனி நேராத்தான் எந்திரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். போஜெனா சிரிக்கவில்லை, அந்த வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. மறுபடியும் எண்ணினாள். ஆறுதான். ஏழாவது எங்கே?

முப்பத்தொன்றாம் இலக்கம், கமிலா வீட்டு ஓட்டுக்கூரை கீழே வளைவில் தெரிந்தது. அதன் புகைபோக்கிமேல் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. புகை இல்லை.

கரண்ட் போய் ஒரு இரவு முழுக்க ஆகிவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. நிலவறையில் அடுப்பு. நிலக்கரி குவிந்து கிடக்கிறது. எந்தத் தாய் பற்றவைக்காமல் இருப்பாள்? பற்றவைத்தால் புகை எங்கே?

அவள் ஓடினாள். பின்னால் யாரோ, "ஐயோ, வழுக்கும் போஜெனா!" என்று கத்தினார்கள். வழுக்கத்தான் செய்தது. மேட்டுப்பாதையில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்து பாதி தூரம் உட்கார்ந்தபடியே சரிந்தாள். கடை வந்தது. கடைக்காரி வாசலில் நின்று ஏதோ கேட்டாள். போஜெனா நிற்கவில்லை. 'மெதுவா நடந்தேனே, மெதுவா நடந்தேனே' என்று மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டி வாங்கினேனே. வாத்துக்கறிக் கதை சொன்னேனே.

கமிலா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். பதில் இல்லை. ஜன்னலில் உள்பக்கம் திரை. "கமிலா! கமிலா!" என்று கத்தினாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் கிடந்த மண்வாரியை எடுத்து ஜன்னலை உடைக்க ஓங்கினாள்.

கதவு திறந்தது. கமிலா நின்றாள். மேல்கோட்டு, அதன்மேல் புருஷனுடைய கோட்டு, தலையில் குல்லாய். கோட்டுக்குள்ளிருந்து குழந்தையின் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று வெளியே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தது.

"என்னக்கா? எதுக்கு மண்வாரி?"

"அடுப்பு," என்றாள் போஜெனா. மூச்சு வாங்கியது. "அடுப்பு பத்த வச்சியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. கீழ இருக்கில்ல? புகைய காணோம். மேல அடச்சிருக்கு. வெளிய வா, குழந்தைய எடுத்துட்டு வெளிய வா முதல்ல!"

"பத்த வைக்கலக்கா. சத்தியமா." கமிலா படியில் இறங்கி வந்தாள். "அன்னிக்கு நீங்க வந்தீங்கல்ல. அந்தக் கதவ இடது கையால திறந்தீங்க. நீங்க போனதுக்கப்புறம் யூரெக்க பிடிச்சு உலுக்கினேன், சொல்லிட்டான், அது வித்தெக் அண்ணனோட அடுப்புன்னு. அது எங்க வாசல்லயே நின்னுச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லாம படம் எடுத்தீங்க. என்னத் திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. ராத்திரி ரெண்டு தடவ தீப்பெட்டிய எடுத்துட்டுக் கீழ போனேன். முடியலக்கா. குளிர்ல பிள்ள விறைச்சாலும் பரவாயில்ல, கண்ணு முழிச்சிருப்போம்னு உக்காந்திருந்தோம். இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன்."

போஜெனாவின் கையிலிருந்து மண்வாரி விழுந்தது. படியில் உட்கார்ந்தாள். பதினொரு மாசத்து அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது, அசிங்கமாக, சத்தமாக, மூக்கிலும் வாயிலுமாக. கமிலா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு யூரெக்கைக் கூப்பிட்டாள். சக்கரத்தில் பனிக்குச் சங்கிலி சுற்றிய டிராக்டர் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது. இழுவை வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே வித்தெக்கின் அடுப்பு இருந்தது.

"கீழ இருக்கிறத மேல கொண்டு வா. நிஜ அடுப்ப. அப்புறம் இத வெட்டணும்."

"இப்பவா அண்ணி? இந்தக் குளிர்லயா?"

"இப்பவேதான். இதுக்கப்புறம் இது ஒரு வீட்டு வாசல்லயும் நிக்கக் கூடாது."

பபியான் மூச்சிரைக்க இறங்கி வந்தபோது கமிலாவின் உண்மையான அடுப்பு இலக்கத் தகட்டுக்குக் கீழே நின்றது. போஜெனா படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஏழு படமும் பொய்னு இன்னிக்கே எழுதப்போறேன் தலைவரே. கரண்ட் வரலன்னா கையால எழுதறேன். மத்த ஆறு வீட்டுக்கும் யூரெக்கோட போறேன். கொடுத்தா சரி, கொடுக்கலன்னா அவங்க பேரையும் சேத்து எழுதுவேன்."

"பணம் போயிடும் போஜெனா! எல்லாம் போயிடும்!"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். நாமளே போய்ச் சொன்னா அவகாசம் கொடுப்பாங்களான்னு கெஞ்சிக் கேக்கறேன். நாப்பது வீட்டுக்கும் நானே போய் பதில் சொல்றேன். திட்டட்டும், வாங்கிக்கறேன்." அவள் கமிலாவிடம் திரும்பினாள். "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. அங்க சூடு இருக்கு."

"எங்க புது அடுப்புக்குக் காசு திருப்பிக் கேப்பாங்களாக்கா?"

"தெரியலம்மா," என்றாள் போஜெனா. தெரியாததால் தெரியவில்லை என்றாள்.

பபியான் வண்டிக்குக் கிட்டே வந்தார். வண்டியில் இருந்த அடுப்பைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

யூரெக் கேஸைப் பற்றவைத்தான். நீல நாக்கு சீறியது. அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், பின்னால் இழுத்தான். "நீங்க பிடிச்சுக்கிட்டா வெட்டிடுவேன் அண்ணி," என்றான். "அன்னிக்கு நான் பிடிச்சுக்கிட்டேன்ல, அது மாதிரி."

அவள் வண்டியில் ஏறினாள். இடது கையால் கதவைத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டாள். கீல் அறுந்து நெருப்புப் பொறி சிதறியது. கதவு முழு பாரமாக அவள் கையில் வந்து விழுந்தது. இரவெல்லாம் வெளியே கிடந்த இரும்பு தோலோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கியது.

"ஐயோ!" என்று கத்திவிட்டாள்.

யூரெக் நெருப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தான். "என்னாச்சு அண்ணி? சுட்டுடுச்சா?"

அவள் கதவைக் கீழே வைத்தாள். சிவந்துபோன தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வலித்தது.

"சுடல," என்றாள். "குளிருது யூரெக். கை ரொம்பக் குளிருது. உங்கிட்ட கையுறை இருந்தா கொடு."